பெங்களூருவில் கலை பார்க்க எங்கே போகலாம், எப்படிப் பார்க்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வேலைக்காகச் சென்னையிலிருந்து பெங்களூரு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூர்பா சாலை மியூசியத்துக்குப் போய் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டீர்கள். ஓவியக் கேலரி என்றால் ஒன்றும் புரியாதோ என்று உள்ளே நுழையவே தயக்கம். அடுத்த மாதம் மதுரையிலிருந்து அப்பா வருகிறார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவரைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம், போனால் எப்படிப் பார்க்க வேண்டும்?

இருபது நிமிடத்தில் வெளியே வந்ததில் தப்பே இல்லை. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நினைத்து நடந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். கண் ஓடும், கால் வலிக்கும், மனதில் ஒன்றும் நிற்காது. பெங்களூருவில் எழும்பூர் மியூசியம் மாதிரி எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கிற பெரிய இடம் கிடையாது. சின்னச் சின்னத் தொகுப்புகளாகப் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதனால் இந்த ஊரில் நான் கண்ட வழி ஒன்றுதான்: ஒரு தடவைக்கு ஒரு அறை, முடிந்தால் ஒரே ஒரு பொருள். அதைப் பார்க்கவே போவது, அதன் முன்னால் நிற்பது, பார்த்துவிட்டு வந்துவிடுவது. நீங்கள் இங்கேயே குடியிருக்கிறீர்கள். சுற்றுலா வந்தவர் மாதிரி ஒரே நாளில் முடித்தாக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நிரந்தரத் தொகுப்பின் முழுப் பயனும் அந்த ஊரில் வாழ்கிறவருக்குத்தான் கிடைக்கும்; மறுபடி போகலாம் என்ற வசதி அவருக்குத்தான் இருக்கிறது.

நீங்கள் வெளியே வந்துவிட்ட அதே மியூசியத்திலிருந்து தொடங்குகிறேன். கஸ்தூர்பா சாலையில் கப்பன் பார்க்கை ஒட்டி நிற்கும் சிவப்புக் கட்டடம், அரசு மியூசியம். 1865-ல் தொடங்கியது; நாட்டின் பழைய மியூசியங்களில் ஒன்று. தொடங்கக் காரணமாக இருந்தவர் எட்வர்டு பால்ஃபோர் என்ற மருத்துவர். சென்னை மியூசியத்தை 1851-ல் நிறுவியவரும் அவரேதான். முதலில் இது கன்டோன்மென்ட் பக்கம் வேறொரு கட்டடத்தில் இருந்தது. இன்றும் மியூசியம் ரோடு என்று சொல்கிறோமே, அந்தத் தெருவுக்குப் பெயர் அப்படி வந்ததுதான். இப்போதைய கட்டடம் 1877-ல் வந்தது. அதை வடிவமைத்தவர் கர்னல் ரிச்சர்ட் சாங்கி. சாங்கி ஏரி அவர் பெயரில்தான் இருக்கிறது.

உள்ளே ஹொய்சளச் சிற்பங்கள், காந்தாரச் சிற்பங்கள், பழைய ஓவியங்கள் என்று நிறைய உண்டு. முதல் தடவை அவை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு கல்லைத் தேடிப் போங்கள்: ஆதகூர் கல்வெட்டு. கன்னடத்தில் 'ஆதகூரு' என்பார்கள். மண்டியா மாவட்டத்தில் மத்தூர் பக்கம் உள்ள ஊர். கல்லின் காலம் கி.பி. 949-50.

அதில் ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் மோதிக்கொள்கிற காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் பழைய கன்னட எழுத்து. கதை இப்படிப் போகிறது. கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் இருந்தான். போரில் அவன் காட்டிய தீரத்தை மெச்சி, என்ன வேண்டும் கேள் என்றபோது, காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். நிலம் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. பிறகு ஒரு வேட்டையில் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின் மேல் அந்த நாயை ஏவினார்கள். நாய் பன்றியைக் கொன்றது, பன்றி நாயைக் கொன்றது. நாயின் நினைவாக ஆதகூர் சல்லேசுவரர் கோயில் முன்னால் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் நாயைக் கொன்ற பாவம் சேரும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அப்பாவுக்கு இந்தக் கல்லைக் காட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மணலேரன் தீரம் காட்டிய அந்தப் போர் தக்கோலப் போர். நம் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலம்தான். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் அவன் மைத்துனன் பூதுகனும் ஒரு பக்கம். பராந்தக சோழனின் மூத்த மகன் ராஜாதித்தன் மறுபக்கம். யானை மேல் இருந்தபடியே ராஜாதித்தன் இறந்தான். நம் கல்வெட்டுகள் அவனை 'ஆனைமேல் துஞ்சின' தேவர் என்று குறிக்கின்றன. சோழர் பக்கத்திலிருந்து அந்த மரணத்தைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். வென்றவர்கள் பக்கத்திலிருந்து எழுதிய சாட்சி இந்தக் கல். ராஜாதித்தனைக் கொன்றவன் பூதுகன் என்று அது நேராகவே சொல்கிறது. அதற்காகக் கிருஷ்ணன் அவனுக்குப் பனவாசி பன்னீராயிரம் (அந்தக் காலத்தில் நாட்டின் பெயரோடு ஒரு எண்ணும் சேர்ந்து வரும்) முதலான நாடுகளைக் கொடுத்தான் என்பதையும் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் கடந்துபோன போர், ஒரு நாயின் நினைவுக்கல்லில் இப்படிப் பதிவாகியிருக்கிறது. அதன் முன்னால் கால் மணி நேரம் நிற்காமல் எப்படி வருவது?

நடுகல் நமக்குப் புதிதும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடு மீட்கப் போய் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு வைத்தது. கூடவே நிற்கிற நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதியிருக்கிறார்கள். எடுத்தனூருக்கும் ஆதகூருக்கும் நடுவில் முந்நூறு ஆண்டுக்கும் மேல் இடைவெளி. மொழி வேறு, அரசு வேறு. நாய்க்குப் பெயர் சொல்லிக் கல்லில் எழுதும் வழக்கம் மட்டும் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது. இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர் அல்லவா, கல்லைப் பார்த்ததும் அவரே ஆரம்பிப்பார்.

பேகூரிலிருந்து கொண்டுவந்த வீரக்கல்லும் இதே மியூசியத்தில் இருக்கிறது. கங்கர்களுக்கும் நொளம்பர்களுக்கும் நடந்த போர், நெருக்கமாக ஆளும் குதிரையும் யானையுமாக. கல்லைப் பார்க்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: நேராக நின்று பார்த்த பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழுகிற கோணத்திலிருந்து பாருங்கள். நேரே தெரியாத எழுத்தும் கோடும் அப்போது மேலெழும்பித் தெரியும். கல்வெட்டு படிப்பவர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

இதே வளாகத்தை ஒட்டி வெங்கடப்பா ஆர்ட் கேலரி. பெங்களூருவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். கே. வெங்கடப்பா (1886–1965) மைசூர் அரண்மனை ஓவியர் குடும்பத்தில் வந்தவர். கல்கத்தாவில் அபனீந்திரநாத் தாகூரிடம் படித்தார். நந்தலால் போஸ் உடன் படித்தவர். திரும்பி வந்து வீணை சேஷண்ணாவிடம் வீணையும் கற்றார். அவருடைய ஊட்டி, கொடைக்கானல் நீர்வண்ண ஓவியங்கள்தான் நீங்கள் பார்க்க வேண்டியவை. ஊட்டி என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது வேறு: கூட்டம், சாக்லேட், பேருந்து. இவர் வரைந்ததில் மலையும் மேகமும்தான். அளவில் சின்னவை. அறையின் நடுவில் நின்று பார்த்தால் ஏதோ பழைய படம் என்று தோன்றும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். மூடுபனி எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு தேடிப் பாருங்கள், கிடைக்காது. நீர்வண்ணத்தில் வெள்ளை தனியாகப் பூசுகிற வழக்கம் அதிகம் இல்லை. காகிதத்தின் வெண்மையை அப்படியே விட்டுவைப்பார்கள். தப்பாக ஒரு தடவை தூரிகை பட்டுவிட்டால் திருத்துவது கஷ்டம். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த மேகத்தின் மதிப்பு புரியும்.

வெங்கடப்பா சாந்தில் செய்த புடைப்புச் சிற்பங்களும் அங்கே உண்டு. கே.கே. ஹெப்பாரின் ஓவியங்களும் இருக்கின்றன. அரசு நடத்தும் கேலரி, பராமரிப்பு வேலை என்று அவ்வப்போது சில பகுதிகளை மூடுவார்கள். கிளம்புவதற்கு முன்னால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இது அரசு மியூசியத்துக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பலரும் கேட்கிறார்கள்: நல்ல கேலரிகளில் ஏன் அறை இருட்டாக இருக்கிறது, போன தடவை பார்த்த படம் இந்தத் தடவை ஏன் இல்லை? வெளிச்சம் வண்ணத்தைத் தின்னும். காகிதமும் துணியும்தான் இதில் மிகவும் பாவம். அவற்றின் மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவைத் தாண்டக் கூடாது என்பது உலகம் முழுக்க மியூசியங்கள் வைத்துக்கொள்ளும் வரம்பு. எண்ணெய் வண்ண ஓவியம் என்றால் 200 லக்ஸ் வரை தாங்கும். நம் வீட்டு ஜன்னல் ஓரத்தில் பகலில் விழும் வெளிச்சம் இதைப்போலப் பல மடங்கு. ஒரு தடவை வெளுத்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. அதனால் நீர்வண்ணம், பழைய புகைப்படம், புடவை போன்றவற்றைச் சில மாதம் காட்டிவிட்டு மறுபடி இருட்டில் வைத்துவிடுவார்கள். நிரந்தரத் தொகுப்பு என்றால் எப்போதும் சுவரில் தொங்கும் என்று அர்த்தம் இல்லை. சுவரில் இருப்பது தொகுப்பின் சின்னப் பகுதிதான். உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள், அப்புறம் எல்லாம் தெரியும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள் என்று காவலர் சொன்னால் கோபப்படாதீர்கள். அந்தப் படத்தின் ஆயுளுக்காகத்தான் சொல்கிறார்.

சுழற்சியில் காட்டுவது எப்படி இருக்கும் என்று பார்க்க அதே கஸ்தூர்பா சாலையில் மேப் இருக்கிறது. முழுப் பெயர் மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் போட்டோகிராபி. அபிஷேக் போத்தார் நிறுவிய தனியார் மியூசியம். 2023 பிப்ரவரியில் திறந்தார்கள். பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டி மாதிரி, அழுத்தி வடிவம் எடுத்த எஃகுத் தகடுகள் போர்த்திய கட்டடம். பெங்களூருவின் மேத்யூ அண்ட் கோஷ் நிறுவனம் வடிவமைத்தது. தொகுப்பில் 60,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். பழங்காலச் சிற்பம், நவீன ஓவியம், புகைப்படம், துணி, அதோடு வெகுமக்கள் கலை என்று ஒரு பிரிவே வைத்திருக்கிறார்கள்: விளம்பரப் படங்கள், லேபிள்கள், சினிமா போஸ்டர்கள்.

தமிழ்க் கண்ணுக்கு இந்தக் கடைசிப் பிரிவுதான் வாசல் என்று நினைக்கிறேன். ஓவியம் புரியாது என்று சொல்கிறீர்களே, வீட்டுச் சுவரில் சிவகாசிக் காலண்டர் பார்க்காமலா வளர்ந்தீர்கள்? முருகன் படத்தில் மயில் எந்தப் பக்கம், லட்சுமி கையிலிருந்து காசு எப்படிக் கொட்டுகிறது, இதெல்லாம் சொல்லித்தராமலே உங்களுக்குத் தெரியும். கோவில்பட்டியில் இருந்து வரைந்த சி. கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் போட்ட படங்கள்தான் தமிழ்நாட்டுப் பூசையறைகளில் பாதி. அது ஓவியப் பயிற்சிதான். அந்தப் பயிற்சியோடு வந்து பாருங்கள்.

2025-ல் மேப்பில் 'டிக்கெட் டிக்கா சாப்' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் துணிகள் இந்தியாவுக்கு வந்த காலத்தில் துணி மடிப்பின் மேல் ஒட்டி வந்த லேபிள்கள், அவ்வளவுதான். உள்ளங்கை அளவுக் காகிதம். ஆனால் ஒவ்வொன்றிலும் பல வண்ணக் கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சடிக்கும் முறை) ஒரு தெய்வம், ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு ரயில். எழுத்துப் படிக்காதவர்கூடப் படத்தைப் பார்த்து, போன தடவை வாங்கிய துணி இதுதான் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. இங்கிலாந்தில் அச்சடித்தவர்கள் நம் கடவுளை நேரில் பார்த்தவர்கள் இல்லை. இங்கிருந்து போன மாதிரிப் படங்களை வைத்து வரைந்தார்கள். கையின் வளைவிலும் முகத்தின் சாயலிலும் அது தெரிந்துவிடும். இப்படி ஒரு கண்காட்சியைப் பார்க்கக் கலை வரலாறு படித்திருக்க வேண்டுமா என்ன? கூர்ந்து பார்க்கிற பொறுமை இருந்தால் போதும். அந்தக் கண்காட்சி முடிந்துவிட்டது. ஆனால் இந்த மாதிரி ஒன்று வருடம் முழுக்க ஏதோ ஒரு தளத்தில் நடந்துகொண்டே இருக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், பார்வை இல்லாதவர்கள் என்று யோசித்துச் செய்த ஏற்பாடுகளும் அங்கே நன்றாக இருக்கின்றன. அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் இது முக்கியம்.

அரண்மனைச் சாலையில் தேசிய நவீன ஓவியக் கூடம், என்.ஜி.எம்.ஏ. டெல்லியில் 1954-ல் தொடங்கியதன் கிளை. இங்கே 2009-ல் வந்தது. கட்டடம் மாணிக்கவேலு மாளிகை. மாங்கனீசு, குரோம் சுரங்கத் தொழிலில் பணம் சேர்த்த மாணிக்கவேலு முதலியாரின் வீடு. பழைய மாளிகையோடு புதிய பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். வளாகத்தில் பெரிய மரங்கள். ஊரின் நடுவில் இவ்வளவு அமைதியாக உட்கார இடம் வேறு இல்லை என்பேன்.

என்.ஜி.எம்.ஏ.-யின் தொகுப்பிலிருந்து எடுத்துக் காட்டும்போது ரவி வர்மா, தாகூர் குடும்பத்தினர், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில் என்று நவீன இந்திய ஓவியத்தின் பாதை வரிசையாகத் தெரியும். வெளியிலிருந்து பெரிய தற்காலிகக் கண்காட்சி வரும்போது அது பல அறைகளைப் பிடித்துக்கொள்ளும். அப்போது நிரந்தரத் தொகுப்பில் கொஞ்சம்தான் பார்க்கக் கிடைக்கும். எது நடக்கிறது என்று முன்பே பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம் இல்லை. இங்கே ஒரு வேலை செய்து பாருங்கள். அறைக்குள் நுழைந்ததும் பெயர்ப் பலகையைப் படிக்காதீர்கள். ஒரு சுற்று சும்மா நடந்து, எந்தப் படம் உங்களை இழுக்கிறதோ அதனிடம் திரும்பிப் போங்கள். என்ன தெரிகிறது என்று உங்களுக்குள் சொல்லிப் பாருங்கள்: எத்தனை ஆட்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்த நிறம் திரும்பத் திரும்ப வருகிறது. இதெல்லாம் முடிந்த பிறகு பலகையைப் படியுங்கள். பெயரும் வருடமும் முதலில் தெரிந்துவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். பெரிய பெயர் என்றால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத். 1960-ல் தொடங்கியது, கல்லூரியும் கேலரிகளும் சேர்ந்த வளாகம். ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக், அவர் மகன் ஸ்வெட்டோஸ்லாவ் ரோரிக் இருவரின் ஓவியங்களும் இங்கே உள்ளன. மகன், நடிகை தேவிகா ராணியை மணந்து கனகபுரா சாலையில் தாதகுனி எஸ்டேட்டில் வாழ்ந்தவர். இமயமலையை நிக்கோலஸ் வரைந்த நீலத்தைப் பார்க்கவே போகலாம். தோல்பாவைகளும் உண்டு, நம் ஊர்த் தோல்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் அங்கே நான் எல்லாரையும் நிறுத்திக் காட்டுவது மைசூர் ஓவியங்களை. நம் வீடுகளில் தஞ்சாவூர் ஓவியம் தெரியும். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்த பிறகு ஓவியர்கள் பிரிந்து, சிலர் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கமும் சிலர் தஞ்சாவூர்ப் பக்கமும் போனார்கள். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் இந்தக் கலை செழித்தது. வித்தியாசத்தைப் பார்க்க ஒரு வழி: படத்தின் பக்கவாட்டில் நின்று, தங்கம் ஒட்டிய இடத்தைப் பாருங்கள். தஞ்சாவூர்ப் படத்தில் மக்கு (சுண்ணப் பொடியும் பசையும் சேர்த்த கூழ்) வைத்துத் தடிமனாக எழுப்பி, கல் பதித்திருப்பார்கள். நகை மேடாக நிற்கும். மைசூர்ப் படத்தில் அந்த மேடு மிக மெல்லியது, விரல் நகத்தின் கனம்கூட வராது. அந்த மெல்லிய மேட்டிலேயே புடவைக் கரையின் பூவேலை, கிரீடத்தின் ஒவ்வொரு மணி என்று நுணுக்கமாக இழைத்திருப்பார்கள். கல் பதிக்கும் வழக்கம் இல்லை. தூரத்திலிருந்து தஞ்சாவூர் ஜொலிக்கும். மைசூரைக் கிட்டே போய்த்தான் ரசிக்க முடியும். எது உசத்தி என்று கேட்டால், எனக்கு மைசூர்தான். தஞ்சாவூர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம், பரவாயில்லை.

பரிஷத்தில் ஜனவரியில் சித்ர சந்தே நடக்கும். அன்று குமாரகிருபா சாலையில் வண்டி ஓடாது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஓவியர்கள் வந்து நடைபாதையில் கடை விரிப்பார்கள். வரைந்தவரே எதிரில் நிற்பார், கேள்வி கேட்கலாம். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் நடக்க முடியாத கூட்டம்.

தனியார் கேலரிகள் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே போனால் ஏதாவது வாங்கச் சொல்வார்களோ என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. சொல்ல மாட்டார்கள். நுழைவுக் கட்டணமும் பெரும்பாலும் கிடையாது. கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள், விலைப் பட்டியல் கேட்காமலே திரும்பலாம். கண்காட்சியின் முதல் நாள் மாலை போனால் ஓவியர் அங்கேயே இருப்பார். ஆனால் கூட்டத்தில் படம் தெரியாது. படம் பார்க்க வேண்டும் என்றால் வேலை நாள் மதியம்தான் சரி. எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையத்தை ஒட்டி ரங்கோலி கலை மையம் இருக்கிறது. அங்கே இளம் ஓவியர்களின் கண்காட்சிகள் நடக்கும், போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம். மேப்பிலும் என்.ஜி.எம்.ஏ.-யிலும் கண்காட்சியை வடிவமைத்தவரே கூட்டிப்போய் விளக்கும் நடை அவ்வப்போது உண்டு. அறிவிப்பு வந்தால் அதை மட்டும் தவறவிடாதீர்கள். இந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஏன் அந்தப் படம், எதை வைக்காமல் விட்டார்கள் என்று அவர் சொல்வது எந்தப் பலகையிலும் இருக்காது.

குழந்தைகள் கூட வந்தால் கஸ்தூர்பா சாலையிலேயே விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப மியூசியம் இருக்கிறது. அங்கே விட்டால் பிள்ளைகள் வர மாட்டார்கள், கலைக்கு நேரம் மிஞ்சாது. அதைத் தனி நாளாக வைத்துக்கொள்வது நல்லது. பாட்டில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ஜே.பி. நகரில் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் என்ற இசை மியூசியம்.

சரி, அப்பாவோடு ஒரு நாள். திங்கட்கிழமை வேண்டாம், அரசு மியூசியம், மேப், என்.ஜி.எம்.ஏ. எல்லாமே அன்று விடுமுறை. செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் லீவு போட முடிந்தால் போடுங்கள், ஞாயிறு கூட்டத்தில் கல்லின் முன்னால் நிற்க விட மாட்டார்கள். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கிப் பூங்கா வழியாக நடந்தால் கஸ்தூர்பா சாலை வந்துவிடும். அப்பாவால் அவ்வளவு நடக்க முடியாது என்றால் ஆட்டோ. திறந்ததும் அரசு மியூசியம், ஆதகூர் கல், பேகூர் கல், அவ்வளவுதான். அப்புறம் பக்கத்திலேயே வெங்கடப்பா, அவருடைய ஊட்டி. பிறகு சாப்பாடு. சாப்பிட்ட பிறகு மேப்பில் ஒரே ஒரு தளம். ஏதாவது ஒரு மடக்கு நாற்காலி தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வயதானவர்களுக்குக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. என்.ஜி.எம்.ஏ.-யும் பரிஷத்தும் இன்னொரு நாளைக்கு.

அவருக்குக் கல்வெட்டு மேல் ஆசை வந்துவிட்டால், மறுநாள் காலை டொம்லூர் சொக்கநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். டொம்லூருக்குத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர் இருந்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் அந்தக் கோயிலில் இருக்கின்றன, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பக்கத்திலேயே பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர். அங்கேயும் கண்காட்சி ஏதாவது நடந்துகொண்டிருக்கும், இலவசம்தான். கோயிலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள்.